பணம் பின்னால் வரும், கட்டணம் முன்னால் நிற்கும்: ஒரு பழங்குடி மாணவியின் கல்லூரி அனுபவம்

"பழங்குடி என்றால் படிப்பு முழுக்க இலவசம்தானே, உனக்கென்ன கவலை?" கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கேட்பவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அரசாணைகளைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அதில் 75 சதவீதம் மத்திய அரசின் பங்கு, 25 சதவீதம் மாநில அரசின் பங்கு. கவுன்சிலிங் வழியாகச் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டண நிர்ணயக் குழு நிர்ணயித்த கட்டணத்தை அரசு ஏற்கிறது. 2012 செப்டம்பரில் வந்த அரசாணை 92 இதைத்தான் சொல்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் இந்தப் பணம் பின்னால்தான் வருகிறது. அதற்கு முன்பே சாதிச் சான்று கேட்பார்கள், கல்லூரி கட்டணம் கேட்கும், விடுதி முன்பணம் கேட்கும், வங்கியில் இது இணைந்திருக்கிறதா அது இணைந்திருக்கிறதா என்பார்கள். நடுவில் கிடக்கும் அந்த மாதங்களில்தான் எங்கள் மலையில் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்கும் கேரளத் தோட்டங்களுக்கும் போனார்கள். நான் எப்படியோ கரையேறினேன். அதற்கு என் குடும்பம் எவ்வளவு இழந்தது, எதை முன்பே தெரிந்திருந்தால் அந்த இழப்பு இருந்திருக்காது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் மலையாளி பழங்குடியைச் சேர்ந்தவள். கேரளத்து மலையாளிகள் வேறு, நாங்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். சேலம், நாமக்கல், தர்மபுரி, கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களின் மலைகளில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். எந்த மலை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் எந்த அலுவலகம், எந்தக் கல்லூரி என்று கண்டுபிடித்துவிடலாம், அங்கே இன்னும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விண்ணப்பம் போட வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம், கொஞ்சம் மிளகுக் கொடி, மற்ற நாட்களில் கூலி வேலை. நானும் தம்பியும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில்தான் படித்தோம். நான் பிளஸ் டூ முடித்தது 2018இல். பொறியியல் கவுன்சிலிங் முதன்முதலாக ஆன்லைனுக்கு மாறிய வருடம் அது. கணிதத்தில் நல்ல மதிப்பெண் இருந்தது. சாதிச் சான்று மட்டும் இல்லை.

பழங்குடிப் பள்ளியில் படித்த பிள்ளையிடம் சாதிச் சான்று எப்படி இல்லாமல் போகும் என்று கீழ்நாட்டு நண்பர்கள் ஆச்சரியப்படுவார்கள். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். பள்ளியில் சேர்க்கும்போது ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை வைத்து 'இந்து மலையாளி' என்று எழுதிக்கொண்டார்கள், சான்று பிறகு கொடுங்கள் என்றார்கள், அந்தப் பிறகு பன்னிரண்டாம் வகுப்பு வரை வரவேயில்லை. மற்ற பிரிவினருக்குத் தாசில்தார் அலுவலகத்தோடு வேலை முடிந்துவிடும். பழங்குடியினருக்கு அப்படியில்லை. 1989 நவம்பருக்குப் பிறகு எங்களுக்குச் சான்று தரும் அதிகாரம் கோட்டாட்சியருக்குத்தான், சில இடங்களில் சார் ஆட்சியருக்கு. விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து எழுந்துதான் கோப்பு அங்கே போய்ச் சேரும். இ-சேவை மையத்தில் விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய். மலையிலிருந்து இறங்கி ஏற பஸ் செலவு, போகிற நாளில் அப்பாவின் கூலி, ஆளுக்கு ஒரு சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் ஒவ்வொரு முறையும் ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாது.

எங்கள் கோப்பு நின்ற இடம் எது தெரியுமா? தாத்தாவின் பட்டாவில் அவர் பெயருக்குப் பின்னால் 'கவுண்டர்' என்று இருந்தது. எங்கள் மலைகளில் அது பழைய வழக்கம், பெரியவர்களை அப்படித்தான் சொல்வார்கள். சமவெளியிலிருந்து வந்த அலுவலருக்கு அது வேறு சாதியின் பெயராகத் தெரிந்தது. "நீங்கள் கவுண்டர் என்று இதில் இருக்கிறதே, பிறகு எப்படி எஸ்டி கேட்கிறீர்கள்?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா, "அய்யா, நாங்க மலையாளிங்க" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாமல் நின்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடம் படித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேச முடியாமல் நின்ற வேதனை இன்றும் குறையவில்லை. விசாரணைக்கு வருவோம் என்றார்கள். கவுன்சிலிங் முடிந்தது, யாரும் வரவில்லை. பொதுப் பிரிவில் கலந்துகொண்டால் இடம் கிடைத்தாலும் கட்டணம் கட்ட முடியாது. ஒரு வருடம் போயிற்று. அந்த வருடத்தை நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பீஸ் எண்ணிக் கழித்தேன்.

இதே நேரத்தில், "மூவாயிரம் கொடுங்கள், ஒரு வாரத்தில் சான்று வாங்கித் தருகிறேன்" என்று தாலுகா அலுவலகத்துக்கு வெளியே ஒருவர் சொன்னார். அப்பா மிளகு விற்ற பணத்தைக் கொடுத்தார். அந்த ஆளை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. வாசலில் நிற்கும் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள் என்று சொல்வது எளிது. பிள்ளையின் படிப்பு கைநழுவுகிறது என்ற பதற்றத்தில் இருப்பவர்களுக்கு அது காதில் விழாது. அதனால் வேறு மாதிரி சொல்கிறேன்: பழங்குடிச் சான்றை ஒரு வாரத்தில் வாங்கித் தர வெளியாள் யாராலும் முடியாது. அப்படியே ஏதாவது ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாலும், நாளைக்கு வேலைக்குப் போகும்போது மாநில அளவிலான குழு அதை மெய்த்தன்மை சரிபார்ப்புக்கு எடுக்கும். அங்கே அது நிற்காது, வேலையும் நிற்காது.

கோப்பை நகர்த்தியது வேறு இரண்டு காரியங்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது அப்பா சொல்லி அழுதிருக்கிறார். அவர் சொன்னபடி, திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தோம். ஏற்கெனவே போட்ட விண்ணப்பத்தின் எண்ணும் தேதியும் அதில் இருக்க வேண்டும், மனுவைக் கொடுத்ததும் பதிவு எண்ணோடு ஒப்புகை வாங்க வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். இரண்டாவது காரியம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "என் விண்ணப்பம் இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது, எந்தத் தேதியில் அவரிடம் வந்தது, நிலுவைக்குக் காரணம் என்ன" என்று மூன்றே கேள்விகள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் வருவதற்குள்ளேயே விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது.

விசாரணையில் என்ன கேட்பார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். எங்களிடம் குலதெய்வம், கல்யாண முறை, சாவுச் சடங்கு, ஊர் நிர்வாகத்தில் யார் யாருக்கு என்ன பெயர் என்றெல்லாம் கேட்டார்கள். எங்கள் ஆயாதான் (பாட்டி) பதில் சொன்னார். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி ஆளுக்கொரு மலைக்குப் போன கதையை அவர் சொல்ல ஆரம்பித்ததும் கேட்க வந்தவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே இதையெல்லாம் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஆனால் கதை மட்டும் போதாது, காகிதமும் வேண்டும். எங்களுக்குக் கைகொடுத்தது பெரியப்பா மகனின் சான்றும், அப்பாவின் பழைய பள்ளிப் பதிவேட்டில் 'மலையாளி' என்று இருந்த பக்கத்தின் நகலும்தான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர், அவருக்குப் பதிவேடு இருக்கும் என்று வீட்டில் யாருமே நினைக்கவில்லை. பள்ளித் தலைமையாசிரியர் தேடி எடுத்துக் கொடுத்தார். பெற்றோர் ஒரு நாள் பள்ளிக்குப் போயிருந்தாலும் அந்தப் பள்ளியில் போய்க் கேளுங்கள். இரத்த உறவில் யாருக்குச் சான்று கிடைத்திருந்தாலும் அதன் நகலை வாங்கி, அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று காட்டும் வம்சாவளி ஒன்றையும் தயார் செய்யுங்கள். இருளர் சமூகத்துப் பிள்ளைகளுக்கு விழுப்புரம் பக்கம் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இந்த வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறது. தனியாக அலைவதைவிட இப்படிப்பட்டவர்களோடு சேர்ந்து போவது பாதிச் சுமையைக் குறைக்கும்.

இந்தச் சான்று கிடைக்காமல் போவது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் மலைக்குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு தகப்பன், மகனுக்குப் பழங்குடிச் சான்று கிடைக்கவில்லை என்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தீக்குளித்து இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு, கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் அப்பா நின்ற நிலைதான் கண்முன் வந்தது.

2019இல் சான்றோடு கவுன்சிலிங் போனேன். பதிவுக் கட்டணம் மற்றவர்களுக்கு 500, எங்களுக்கு 250. சமவெளியில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு அப்போது ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. இது முழுக்க உதவித்தொகையில் அடங்கிவிடும். ஆனால் சேரப் போன அன்று அலுவலகத்தில், "இப்போது கட்டிவிடுங்கள், ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்றார்கள். அப்பா மலையில் விளைச்சல் வாங்கும் வியாபாரியிடம் 40,000 ரூபாய் கடன் வாங்கினார். மூன்று வட்டி. அதாவது மாதம் 1,200 ரூபாய். மிளகையும் அவருக்கே விற்க வேண்டும் என்பது சொல்லாமல் சேர்ந்துகொண்ட நிபந்தனை. உதவித்தொகை அடுத்த கல்வியாண்டு தொடங்கிய பிறகுதான் வந்தது. கல்லூரி அதில் பஸ், பயிற்சிக் கட்டணம், நூலகம் என்று என்னென்னவோ கழித்துக்கொண்டு 31,000 ரூபாய்தான் திருப்பித் தந்தது. ஒன்பதாயிரம் அங்கே போனது, வட்டியாகப் பதினெட்டாயிரத்துக்கு மேல் போனது. இலவசப் படிப்பின் முதல் வருடம் எங்கள் வீட்டுக்கு இப்படித்தான் முடிந்தது.

இரண்டாம் வருடம் மறுபடி அதே கேள்வி வந்தபோது, விடுதியில் என் சீனியர் அக்கா ஒருவர் சொல்லிக் கொடுத்த வழியில் போனேன். அரசாணை 92இன் நகலை எடுத்துக்கொண்டேன். கூடவே கல்லூரி முதல்வர் பெயருக்கு ஒரு கடிதம்: நான் கவுன்சிலிங்கில் சேர்ந்த பழங்குடி மாணவி, என் கட்டணத்தை அரசு வழங்குகிறது, முன்பணமாகக் கட்ட வேண்டும் என்றால் அந்த உத்தரவை எழுத்தில் தாருங்கள். மரியாதையான நான்கு வரிகள்தான். எழுத்தில் தருவதற்கு அலுவலகத்தில் யாரும் தயாராக இல்லை. உதவித்தொகைக் கட்டணத்தை மாணவரிடம் வசூலிக்கக் கூடாது என்று அரசு பலமுறை அறிவுறுத்தியிருப்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் தேர்வுக்கு ஹால் டிக்கெட் தர இழுத்தார்கள். அப்போது திட்ட அலுவலரிடம் மனுக் கொடுத்தேன். எங்களுக்கு எந்த அலுவலகம் என்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பழங்குடியினர் அதிகமாக உள்ள மாவட்டங்களில் பழங்குடியினர் நலத்துக்கென்றே திட்ட அலுவலர் இருக்கிறார். மற்ற மாவட்டங்களில் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலரிடம் போக வேண்டும். சொந்த ஊர் ஒரு மாவட்டம், கல்லூரி இன்னொரு மாவட்டம் என்றால் கல்லூரி இருக்கும் மாவட்டத்து அலுவலகத்தில்தான் முதலில் கேட்க வேண்டும், உதவித்தொகை விண்ணப்பம் கல்லூரியிலிருந்து அங்கேதான் போகிறது. அங்கிருந்து ஒரு போன் போனது, ஹால் டிக்கெட் வந்தது.

ஒரிஜினல் சான்றிதழ்கள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேரும்போது சரிபார்க்கக் காட்டலாம், வைத்துக்கொள்ளக் கொடுக்க வேண்டியதில்லை. கல்லூரிகள் மாணவர்களின் ஒரிஜினல்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒரு பையன் முதல் வருடமே நின்றுவிட்டான், கட்டணப் பாக்கியைச் சொல்லி அவன் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துவிட்டார்கள். வேறு கல்லூரியில் சேரவும் முடியவில்லை, வேலைக்குப் போகவும் முடியவில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று மூன்றையும் டிஜிலாக்கரிலோ மின்னஞ்சலிலோ போட்டுவையுங்கள். மலையில் மழைக்காலத்தில் காகிதம் எப்படி ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

விடுதி விஷயத்திலும் பணம் போனது. முதல் வருடம் கல்லூரி விடுதிக்கு 45,000 ரூபாய் கட்டினோம், அதில் பாதி அம்மாவின் தோடு. கல்லூரியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் அரசின் ஆதிதிராவிடர் நல மகளிர் கல்லூரி விடுதி இருந்தது. பழங்குடி மாணவிகளுக்கும் அங்கே இடம் உண்டு, தங்குவதும் சாப்பாடும் இலவசம். இதைக் கல்லூரியில் ஒருவரும் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் அங்கே போய்விட்டேன். சாப்பாடு சுமார்தான், குளியலறைக்கு வரிசையில் நிற்க வேண்டும், ஆனால் அங்கே இருந்த அக்காக்களிடம் கற்றுக்கொண்டதில்தான் மீதி மூன்று வருடமும் ஓடியது. கல்லூரியில் சேரும் வாரத்திலேயே அந்த ஊரில் அரசு விடுதி எங்கே என்று விசாரியுங்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அப்புறம் வங்கி. மூன்றாம் வருடம் என் பராமரிப்புத் தொகை, அதாவது உதவித்தொகையில் கட்டணம் போக மாணவருக்கென்று வரும் பணம், வரவேயில்லை. கல்லூரியில் கேட்டால் அனுப்பியாயிற்று என்றார்கள், வங்கியில் கேட்டால் வரவில்லை என்றார்கள். கடைசியில் தெரிந்தது இதுதான்: திருப்பூரில் வேலை செய்தபோது கம்பெனியில் சம்பளத்துக்காக ஒரு கணக்கு திறந்து என் ஆதாரை இணைத்திருந்தார்கள். ஆதார் வழியாக அரசு அனுப்பும் பணம், நாம் விண்ணப்பத்தில் எழுதும் கணக்கைப் பார்க்காது. என்பிசிஐ என்ற தேசியப் பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பதிவில் நம் ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் போகும். இதைத்தான் மேப்பிங் என்கிறார்கள். ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் மேப்பிங் ஒன்றுக்குத்தான். என் பணம் திருப்பூர்க் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. அந்தக் கணக்கோடு இணைத்த செல் நம்பர் இப்போது என்னிடம் இல்லை, ஏடிஎம் கார்டும் இல்லை. அதை எடுக்கத் திருப்பூர் வரை போய்வர வேண்டியதாயிற்று. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் படிப்புக்கு நடுவில் மில்லுக்கோ கம்பெனிக்கோ போய்வருகிறவர்கள் என்பதால் இது நிறையப் பேருக்கு நடக்கும். மை ஆதார் தளத்தில் உள்ளே போய் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று காட்டும். மாற்ற வேண்டுமென்றால் நீங்கள் விரும்பும் வங்கிக் கிளையில் ஆதார் சீடிங் படிவம் கொடுத்து, என்பிசிஐ மேப்பிங் செய்யச் சொல்லித் தெளிவாகக் கேளுங்கள். ஆதார் நகலை வாங்கிக் கணக்கில் சேர்ப்பதோடு சிலர் நிறுத்திவிடுவார்கள். பள்ளியில் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கை வருடக்கணக்கில் தொடாமல் விட்டிருந்தால், அது இன்னும் இயங்குகிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். மலையில் வங்கிக் கிளை தூரம் என்றால் தபால்காரர் வழியாகவே இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்கு திறந்து மேப்பிங்கும் செய்துகொள்ளலாம். என் தம்பிக்கு அப்படித்தான் செய்தேன்.

இன்னொரு தொல்லை, பெயர். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும், சாதிச் சான்றில் ஊர்ப் பெயரும் சேர்ந்து. ஆதாரை மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி பள்ளியில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு செய்தால் அந்த வருட விண்ணப்பம் தொங்கிக்கொண்டே இருக்கும். உதவித்தொகையை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் வருடம் வந்துவிட்டது, இனி தானாக வரும் என்று நினைத்து இரண்டாம் வருடத் தொகையை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

கடைசி வருடத்தில் ஒரு நல்லது நடந்தது. 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனி. அந்த ஆயிரம் ரூபாய் மாதா மாதம் வந்தது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லி முடியாது. வருட முடிவில் மொத்தமாக வரும் பணம் கடனை அடைக்கத்தான் உதவும். மாதா மாதம் வருவது கடன் வாங்காமல் காப்பாற்றும். 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று இதையே கொண்டுவந்தார்கள். தம்பி அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்தான்.

தம்பிக்கு எல்லாவற்றையும் முன்னாலேயே தொடங்கினேன். அவன் பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே என் சான்றை இணைத்து அவனுக்கு விண்ணப்பித்தோம், உடன்பிறந்தவர் சான்று இருந்ததால் தாமதமானாலும் மறுப்பு வரவில்லை. வருமானச் சான்றைப் பிளஸ் டூ தேர்வு முடிந்த விடுமுறையில் எடுத்தோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியலுக்கு 2021இல் வந்தது. பழங்குடியினர் பள்ளிகளும் அதில் அடங்கும். அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதி, போக்குவரத்து எல்லாம் அரசே கட்டுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைப் பள்ளியில் கேட்டு வாங்க வேண்டும். நடுவில் பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்கிவைப்பது நல்லது. இப்போது கல்லூரி உதவித்தொகை யூமிஸ் (கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசின் இணையப் பதிவு) எண் வழியாகத்தான் நடக்கிறது. கல்லூரி உங்கள் விவரத்தை அதில் ஏற்றியதா, சாதியும் வருமானமும் சரியாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். தம்பிக்கு அதில் வேறு பிரிவு பதிவாகியிருந்தது, முதல் மாதமே பார்த்ததால் திருத்த முடிந்தது.

இன்னும் மேலே போக நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: ஐஐடிகளிலும் என்ஐடிகளிலும் பழங்குடி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, இட ஒதுக்கீடும் ஏழரை சதவீதம். தமிழ்நாட்டில் எங்களுக்கு ஒரு சதவீதம்தான் என்பதை நினைத்தால் அந்தக் கதவு எவ்வளவு பெரியது என்று புரியும். பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆறு லட்சம், ஆராய்ச்சிப் படிப்புக்குத் தனி ஃபெல்லோஷிப், வெளிநாட்டுப் படிப்புக்கு வருடத்துக்கு இருபது பேருக்கு உதவி. நான் பிளஸ் டூ படித்தபோது இவற்றில் ஒன்றைக்கூட யாரும் எங்கள் பள்ளியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முயன்றிருப்பேன்.

என் அத்தையை ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதே மக்கள், அதே சாமி, அதே பேச்சு. ஆனால் மலையாளி என்ற பெயர் பழங்குடிப் பட்டியலில் தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்ற பழைய மாவட்டங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. ஈரோடு அப்போது கோவையில் இருந்ததால் அங்கே இருப்பவர்களுக்குச் சான்று கிடையாது. அத்தை மகள் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுக்கு நான் மேலே எழுதியதில் பாதி பயன்படாது. ஆனால் மீதிப் பாதி பயன்படும். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அரசுப் பள்ளிப் படிப்புதான் கணக்கு. புதுமைப் பெண் திட்டத்துக்குச் சாதிச் சான்று வேண்டியதில்லை. கவுன்சிலிங்கில் தொழிற்படிப்பு சேர்ந்தால் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை எல்லாப் பிரிவினருக்கும் உண்டு. சான்றுக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் இந்த மூன்றும் பொருந்தும். வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்பதற்கான சான்றுக்கு இ-சேவையில் இப்போதே விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும் என்று அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். விடுமுறையில் அவளோடு நானும் போகிறேன்.